உப்புப் பொட்டலம்

காலை ஏழே கால். ஏரி இன்னும் எழவில்லை.
விடுதி முன்வாசலில் ஆறு ஜோடி ரப்பர் காலணிகளை
அளவு பார்த்து அடுக்குகிறேன்.
சட்டையில் குத்திய பித்தளைத் தகட்டில் நான் 'புனி'.
புனிதமலர் என்று எழுத
அதில் இடமில்லை என்றார் மேனேஜர் லிம்.

இன்றைக்கு ஏரிக்கரை, தேயிலைச் சரிவு, பாசிக்காடு,
திரும்பும் வழியில் முனியாண்டி கோயில்.
நூற்று எண்பது வெள்ளி, பசியாறல் சேர்த்து.

இயற்கை ஏரியா?
முதல் கேள்வி எப்போதும் இதுதான்.
அணை, என்கிறேன். ஆற்றை மறித்தது.
மேலே முட்டைக்கோசுக்கு வெட்டுகிற மண்ணெல்லாம்
மழைக்கு இங்கேதான் வந்து படுக்கிறது.
அதோ மஞ்சள் இயந்திரம், நாள் முழுக்க அள்ளுகிறது.
படகுத்துறையைப் போன வருடம்
இருபது அடி தள்ளிக் கட்டினோம்.
படமெடுக்க இந்தப் பக்கம் நில்லுங்கள்,
இயந்திரம் விழாது.

சரிவில் டச்சுக்காரி கேட்டாள்,
கூடை சுமக்கும் பெண்கள் எங்கே?
விடுதிச் சுவரில் ஒருத்தி
மூக்குத்தியோடு சிரித்துக்கொண்டு தொங்குகிறாள்.
அவளைப் பார்க்க விமானம் ஏறியிருக்கிறாள் இவள்.
சரிவிலோ ஷஹீதுலும் அவன் கூட்டாளியும்,
வெட்டு இயந்திரத்தின் ஆளுக்கொரு முனை,
காதில் பஞ்சு.
எங்கள் சில்ஹெட்டிலும் தேயிலைதான்,
அதே இலைக்காகக் கடல் தாண்டினேன் என்று
ஒருமுறை மலாயில் சொல்லியிருக்கிறான்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
டச்சுக்காரி என் மூக்குத்தியைக் கண்டுவிட்டாள்.
கேமரா திரும்பியது.
குனிந்து காலுறையை இழுத்துவிட்டேன்,
வெகுநேரம்.

சுபாங்கிலிருந்து வந்தவர் பட்டியலில் 'ஏலன்'.
கழுவியும் போகாத விபூதி, புருவத்தில் கொஞ்சம்.
அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் ஆங்கிலத்தில் சொல்ல,
இரண்டு மணி நேரம்
நல்ல பிள்ளைகளாக நடந்தோம்.
யார் முதலில் இறங்குவது என்பதுதான் கணக்கு.

பாசிக்காட்டில் பா அலாங் முன்னே போனார்.
செமாய்க்காரர். அவர் ஒரு வாக்கியம் சொல்வார்,
நான் மூன்றாக்கி விற்பேன்.
குடுவைச்செடியின் மூடியை விரலால் தூக்கினார்.
உள்ளே ஓர் எறும்பு நீச்சலை முடித்திருந்தது.
மிதித்த இடமெல்லாம் அமிழ்ந்து எழுந்தது.
மேகம் மரங்களுக்கு நடுவே வந்து
ஒவ்வொருவராக அழித்துக்கொண்டு போக,
ஆறு பேரும் பேச்சை விட்டார்கள்.
விளக்க என்னிடம் ஒன்றும் இல்லாத நேரம்.
அதற்குத்தான் அந்தக் காசு என்று சில நாள் தோன்றும்.

இறக்கத்தில், ஈர மூங்கில் தாண்டி,
'ஐயய்யோ அட்டை! அட்டைடா!'
ஏலன் ஒற்றைக் காலில் ஆடினார்.
'ஆடாதீங்கண்ணே, கல்லுல உக்காருங்க' என்றது
என் வாய், என்னைக் கேட்காமல்.
இடுப்புப் பையில் உப்புப் பொட்டலம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
அட்டைக்குப் பொருந்தாது.
போட்டதும் விட்டது.
இரத்தம்தான் நிற்கவில்லை, பேச்சும்.
இளஞ்செழியனாம். பூட்டு ரிப்பேர் கடை.
மனைவி வர மறுத்த சுற்றுலாவாம்.
'காலையிலேயே தமிழ்ல கேக்கணும்னு நெனச்சேன்மா,
நீங்க யூனிஃபார்ம்ல இருந்தீங்க.'
புகையிலைச் சாற்றைத் தன் கணுக்காலில் தேய்த்தபடி
பா அலாங் மலாயில் கேட்டார்:
ஓர் அட்டைக்கா இவ்வளவு?

முனியாண்டிக்கு ஏன் சுருட்டு என்று
டச்சுக்காரி என்னிடம் கேட்டாள்.
பதில் இளஞ்செழியனிடமிருந்து வந்தது, தப்பும் தவறுமாக.
திருத்தவில்லை. பாட்டிலைத் திறந்து
தண்ணீர் குடித்தேன்.

மாலை, கருத்துப் படிவங்கள்.
மிகவும் பிடித்தது: ஐந்து பேருக்குப் பாசிக்காடு.
ஒன்றில் மட்டும் தமிழில், கோணல் எழுத்தில்,
அட்டை.
இது பாராட்டா, புகாரா என்றார் லிம்.
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

காலணிகளைக் கழுவிக் கவிழ்க்கையில்
ஒன்பதாம் அளவிலிருந்து உருண்டு விழுந்தது இன்னொன்று,
நாவற்பழம் போலக் கொழுத்து.
பொட்டலத்தில் உப்பு இருந்தது.
ஓர் இலையில் ஏந்திப் போய்
ஏரிக்கரைச் சேற்றில் விட்டேன்.
இருட்டில் இயந்திரம்
இன்னும் அள்ளிக்கொண்டிருந்தது.