மணற்காடு

ஜெய்சல்மேரில் ஒட்டகம்
பின்னங்காலை முதலில் நிமிர்த்தியது.
முன்னால் சரிந்த நீ
"யசிந்தா, பிடியடி" என்று கத்தினாய்.
ஓட்டியின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம்;
ஒட்டகத்தின் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது, மோத்தி.

இன்றைக்கு மணற்காடு.
அதே பைகள்.
சவுக்குகளைத் தாண்டி
மண் பாதி விழுங்கிய கோயிற்சுவரில்
சாய்ந்திருந்து பணிஸ் தின்றோம்.
"ஒட்டகம் ஒண்டும் வராது, தங்கச்சி."
ஓட்டோக்காரர் பகிடி விட்டிட்டுப் போனார்.

வெயில் ஏற, நீ எழும்பினாய்:
முதலில் பின்பக்கம்,
பிறகு கை,
கடைசியாக
ஷெல் துண்டு கிடக்கிற வலது முழங்கால்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏனென்று கேட்டாய், சொல்லவில்லை.
உன் பையையும் வாங்கி
முன்பக்கமாகக் கொழுவிக்கொண்டேன்.

மோத்திக்கு
இதை ஆரும் செய்யவில்லை,
நாங்களும்.