பொதி நிறுக்கும் தராசு

எழுபத்தொன்பது கிலோ இருநூறு கிராம்.
மத்திய தபால் பரிமாற்றகத்தில், இரவு இரண்டு மணிக்கு,
செருப்பைக் கழற்றிவிட்டு
பொதி நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்.
"எந்த நாட்டுக்கு அக்கா? முத்திரை எவ்வளவு ஒட்ட?"
என்றான் ருவன்த, தன் அரைத் தமிழில்.
நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய.

போன வருஷம் இதே தராசு அறுபத்தெட்டுக் காட்டியது.
மரைன் டிரைவில் எட்டு மாதம் நடந்து,
சோற்றைச் சிரட்டையால் அளந்து,
கலியாண வீடுகளில் கையைக் கட்டிக்கொண்டிருந்து
இறக்கிய பதினொரு கிலோ.
அப்போது எல்லாரும் கேட்டார்கள், என்ன செய்தனீங்கள் என்று.
திரும்பி வந்தபோது ஒருவரும் கேட்கவில்லை.
வாயைக் கட்டத் தெரியாதவள் என்று
அவரவர் மனதுக்குள் பதில் எழுதி
உறையை ஒட்டிவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் நுஸ்கியா
மருந்துத் துண்டின் பின்பக்கம் ஒரு தலையை வரைந்தார்.
அதற்குள் ஒரு புள்ளி.
"ஹைப்போதலமஸ். கச்சான் கொட்டை அளவுதான்.
உங்கட கொழுப்பு ஒவ்வொரு நாளும் இதுக்கு எழுதுது.
லெப்டின் என்று பேர்.
இருப்பு இருக்கு, பயப்படாதே.
அதில இருக்கிறது அவ்வளவுதான்."

கடிதம் என்றால் எனக்கு விளங்கும்.
பத்தொன்பது வருஷமாய்ப் பிரிக்கிறேன்.

நான் மெலிய மெலியக் கடிதங்கள் குறைந்தன.
கச்சான் கொட்டைக்குள் இருக்கும் அதிகாரிக்கு
மரைன் டிரைவ் தெரியாது, பிளவுஸ் அளவு தெரியாது.
தபால் நின்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்:
பஞ்சம்.
உடனே சுற்றறிக்கை.
அடுப்பைத் தணி. கைகால் குளிர்ந்தால் குளிரட்டும்.
பெற்றோல் வரிசைக் காலம் மாதிரி
ஒவ்வொரு துளிக்கும் கணக்குக் கேள்.
வயிறும் தன் பங்குக்குத் தந்தி அடித்தது,
கிரெலின், கிரெலின்,
நித்திரை முறிந்த இரவுகளில் இன்னும் கூட.

நான் தோற்றதாய் நினைத்திருந்தேன்.
என்னைக் கேட்காமலே
என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சரி டொக்டர், கொழுப்புத் திரும்ப வந்திட்டுதே,
கடிதமும் வந்திருக்குமே. பிறகும் ஏன் பசிக்குது?"
"வந்திருக்கு, மூட்டை மூட்டையாய்.
வாசிக்கிறதிலதான் பிரச்சினை.
ஏனென்று எங்களுக்கும் முழுதாய்த் தெரியாது."

அதற்குப் படம் தேவைப்படவில்லை.
காணி விஷயமாய்க் கச்சேரிக்குத் தமிழில் மனுப் போட்ட
எவருக்கும் அது விளங்கும்.
முத்திரை சரி, முகவரி சரி,
மேசையில்தான் கிடக்கிறது.
வாசிக்க ஆளில்லை.
ஆறு மாதம் கழித்துச் சிங்களத்தில் பதில் வரும்:
உங்களிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி சொல்கிறாள்,
கிழமைக்கு ஒரு ஊசி இருக்காம்.
குடலின் கையெழுத்தைப் பார்த்து யாரோ எழுதிய கடிதம்.
மூளை நம்பிவிடுமாம்.
சாப்பாட்டு நினைப்பே அடங்கிவிடுமாம்.
ஊசியை நிற்பாட்டினால் பழைய பசி
பெட்டியோடு திரும்பி வருமாம்.
விலையும் சொன்னாள்.
பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடமை முடிந்து கோட்டையில் ரயிலேறி
வெள்ளவத்தையில் இறங்கும்போது
கடல் இன்னும் கறுப்பாய்த்தான் இருக்கும்.
இன்றைக்கு ஒழுங்கை முனையில் சூன் பாண் ஆட்டோ.
ஆள் வருமுன் அதன் பாட்டு வந்தது,
பாட்டு முடியுமுன் என் வாயில் எச்சில் வந்தது.
யார் யாருக்கு எழுதினார்களோ.

ஒரு மீன் பணிஸ்.
காகிதத்தோடு சுட்டது.
நின்றபடியே தின்றேன், பாதியில் நிறுத்தாமல்,
கணக்குப் பார்க்காமல்.
பிறகு, வாசிக்கத் தெரியாதவருக்கு
வாய்விட்டு வாசித்துக் காட்டுவோமென்று
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்:
"இருக்கு. இங்கே இருக்கு. பயப்படாதே."

சில்லறை இருக்கா என்று கேட்டு நின்றவன்
கையை நீட்டினான்.