சித்தெ இரு

பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
பதிமூன்று நாள் தள்ளிப்போனதை
கோகிலவாணி இன்னும் எண்ணவில்லை.
டஜன்தான் எண்ணுகிறாள்.

ஓவர்லாக் ஊசியடியில் தட்டைத்துணி வளைந்து
விளிம்போடு விளிம்பு சேர்ந்து
ஒரு கை ஆகிறது.

உள்ளே, எள்ளளவு உயிரின் முதுகிலும்
தகடொன்று மடிந்து குழலாகிறது;
இரண்டு முனைதான் பாக்கி.
அங்கே ஊசி கிடையாது,
சூப்பர்வைசரும் கிடையாது.

குழல் மூடிய பிறகு
ஒரு செல், பிளவதை நிறுத்திக்கொண்டு,
பக்கத்துச் செல்லிடம் சொல்லும்:
"நா நரம்பாயிக்கறேன், நீ சித்தெ இரு."
இருந்தது
உடம்பை நூலாய் நீட்டிக் கொடுக்கும்.
போனது அதைப் பிடித்து ஏறும்,
திரும்பி வராது.
என்ன வேலையென்று ஏறிய இடம் சொல்லும்.

பத்து மணி டீக்கு
வடை வாசம் குமட்டியது.
"எண்ண செரியில்லீங்க்கா" என்று
நூல் கோனை மாற்றினாள்.