நடுவழி

கெனோரா தாண்டி, காடு மெலிந்து,
தரை தட்டையாகத் தொடங்கிய பிறகு
ரோட்டோரம் ஒரு பலகை நிற்கிறது, தட்சா.
கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே
கனடாவின் மத்தி இதுதான் என்று
இரண்டு மொழியில் எழுதி.
பத்து வருடமாய் அதைக் கடந்து போகிறேன்.
இன்றைக்குத்தான் பிரேக்கில் கால் வைத்தேன்.

நடுவழி என்ற சொல்லுக்கு
எங்கட பாசையில் நல்ல பெயர் இல்லை.
பஸ் பழுதானால் நடுவழி.
காசை வாங்கின ஏஜென்ட் போனை எடுக்காவிட்டால் நடுவழி.
லோமேயில் ஒரு லொட்ஜ் அறையில்
ஏழு மாதம் நடுவழியில் கிடந்தவன் நான்.
இருபதாம் கிழமை,
"பாதி வழி வந்திட்டம்" என்று நீர் சிரித்தபோது
நான் சிரிக்காமல் கோப்பை கழுவினது அதனால்தான்.

மனிடோபா எல்லையில் எடை பார்த்தார்கள்.
கல்கரிக்குப் போகும் மாபிள்,
டீசல், நான், பின்கட்டிலில் குறட்டை விடும் ஹர்ஜீத்,
எல்லாம் சேர்த்து முப்பத்தாறாயிரத்து நானூறு கிலோ.
ஸ்கானில் முந்நூற்று முப்பது கிராம் என்றார்களாம்.
பச்சை லைட் விழும்வரை
அதையும் கூட்டிக்கொண்டு இருந்தேன்.

போனில் அந்த ஆப்,
இந்தக் கிழமை வாழைப்பழம் அளவு என்றது.
போன கிழமை மாம்பழம்.
"பிள்ளையை ஏன் கொண்டுபோய்ப்
பழக்கடையில வைக்கிறாங்கள்" என்று
நீர் அழித்துவிட்டீர்.
நான் அழிக்கவில்லை.
ட்ரைடனில் எண்ணெய் அடிக்கும்போது
வாழைப்பழம் ஒன்று வாங்கி
உள்ளங்கையில் நீட்டிப் படுக்கவைத்துப் பார்த்தேன்.
கல்லாவில் நின்ற பெண்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
தின்ன மனம் வராமல் டாஷ்போர்டில் வைத்தேன்.
ஹர்ஜீத் எழும்பித் தின்றுவிட்டான்.

ஸ்கான் நாளில்
வாவாவில் பனிக்கு ரோட்டைப் பூட்டியிருந்தார்கள்.
நாற்பது லொறிக்குப் பின்னால் நின்று
உம்முடைய குரலைக் கேட்டேன்.
பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்ததாம்,
சீப்புப் பல் மாதிரி முள்ளந்தண்டு மட்டும் தெரிந்ததாம்.
குளிர்ந்த ஜூஸ் குடித்துவிட்டு நடந்து வாரும் என்று
வெளியே விட்டார்களாம்.
"இருதயத்துக்கு நாலு அறை. எண்ணிப் பாத்தனான்" என்றீர்.
நாங்கள் இருப்பது ஓரறை பேஸ்மென்டில்.
அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
நீர் அந்த நீளக் கொரிடோரில்
தனியாக நடந்தது ஞாபகம் வந்து
சொல்லாமல் விட்டேன்.

பதினொன்றுக்கு அப்பால்
எங்களுக்கு ரோட்டே இருந்ததில்லை.
இரண்டு தரமும் அங்கேதான் நின்றது.
பன்னிரண்டில் நான் எதுவும் கேட்கவில்லை.
பதின்மூன்றில் நீர் எதுவும் சொல்லவில்லை.
பதினெட்டில்தான் அம்மாவுக்கு போன் எடுத்தீர்,
அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.
அந்தக் கிழமைகளை நான்
மூடுபனியில் ஓட்டுகிறமாதிரி ஓட்டினேன்,
முன்னால் தெரிந்த ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு.

நேற்றிரவு "இப்ப உதைக்குது, கேளும்" என்று
போனை வயிற்றில் வைத்தீர்.
துணி உரசிய சத்தம் கேட்டது.
மேல்வீட்டுக்காரரின் டிவி கேட்டது.
"கேட்டதோ?"
"ஓம்" என்றேன்.
தட்சா, அது பொய்.

மைனஸ் இருபத்தெட்டு.
கையுறையைக் கழற்றி ஒரு படம் எடுத்தேன்.
பலகைக்கு இந்தப் பக்கம் பனி,
அந்தப் பக்கமும் அதே பனி.
நீர் அனுப்பிய ஸ்கான் தாள்
வெயில் பட்டால் மங்கிவிடும் என்று
லைசென்ஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
அதை வெளியே எடுக்கவில்லை.
பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"டயர் போச்சா?" என்றான் ஹர்ஜீத், போர்வைக்குள்ளிருந்து.
"இல்லை. சும்மா நிப்பாட்டினனான்."

இங்கே காலை ஆறு.
பிரம்டனில் ஏழு.
நீங்கள் இரண்டு பேரும்
என்னைவிட ஒரு மணித்தியாலம் முன்னால் இருக்கிறீர்கள்.
புதன்கிழமைக்குள் வந்துவிடுவேன்.
கை குளிரும். முதலே சொல்லி வையும்.