சாக்பீஸ் குறி

பாட்சாலா நாடகக் கூடாரத்தில்
நாளுக்கு இரண்டு முறை செத்தாள் தருலதா கோஹாய்ன்.
மாலைக் காட்சியில் விஷம்,
இரவுக் காட்சியில் கணவனின் கத்தி.
நடுவில் ஒரு வெற்றிலை, பால் விடாத தேநீர்.
விடிந்தால் மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றி
அடுத்த ஊர்.

பிறகு சினிமா. அங்கே சாவு தண்ணீரில்.
பதினான்கு படங்களில் ஒன்பதில் மூழ்கினாள்.
"ஆற்றுக்கென்றே பிறந்த முகம்" என்றார் ஒரு இயக்குநர்,
பாராட்டாகத்தான்.
தரையில் சாக்பீஸால் ஒரு குறி இருக்கும்.
அங்கே நின்று அழ வேண்டும்.
நான்கு விரல் தள்ளி அழுதால்
வெளிச்சம் கிடையாது.

குறி போட்டவன் நான்.
காமிரா உதவியாளருக்கு உதவியாளன், மாதம் முந்நூறு.
பதினோரு வருடம் அவள் பாதங்களைத்தான் பார்த்தேன்.
இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும்.
முகத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பந்த்களின் காலம் வந்தது.
நல்பாரித் தியேட்டரில் பட்டாளம் தங்கியது.
வெள்ளித்திரைக்குக் குறுக்கே கொடி கட்டி
பச்சைச் சட்டைகள் காயவைத்தார்கள்.
தன்னைவிட நான்கு வயது மூத்த கதாநாயகனுக்கு
அம்மாவாக நடிக்க அவளைக் கூப்பிட்டார்கள்.
சிரித்தாளாம். வளையல்களைக் கழற்றிக்கொண்டு
ஃபேன்சி பஜாருக்கு நடந்தாளாம்.

"கதாநாயகி எந்த ரீலில் சாகிறாள்?"
கேட்டார் மீதிப் பணம் போடவந்தவர்.
"சாகவில்லை."
"அப்புறம் படம் எப்படி முடியும்?"
"தெரியாது. எடுத்துத்தான் பார்க்கணும்."
அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பிரம்மபுத்திராவின் நடுவே ஒரு மணல் தீவு.
நடிக்க வந்தவள் ஜுன்தி பேகு,
தறி நெய்பவள், ஆறு பன்றிகளுக்குச் சொந்தக்காரி.
பழக்கதோஷத்தில் சாக்பீஸை எடுத்தேன்.
"மணலில் என்னத்தைக் கிழிக்கப்போகிறாய், திம்பேஸ்வர்?"
ஜுன்தி வசனத்தின் பாதியில்
அவிழ்த்துக்கொண்டு ஓடிய பன்றியின் பின்னால் போய்விட்டாள்.
"ஃபோகஸ் போகுது, பாய்தேவ்!"
"போகட்டும். அவள் போன இடத்துக்கே போய்த் தேடட்டும்."

செப்டம்பரில் மறுபடி போனோம்.
தீவில் பாதி இல்லை.
போன மாதம் விளக்கு நட்ட இடத்தில்
ஒரு வாழைமரம் சுழன்றபடி மிதந்து வந்தது.
நான் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தேன்.
அவள் படகை விடச் சொன்னாள்.
"உன் அடுப்பு எங்கே இருந்தது, ஜுன்தி?"
ஜுன்தி எட்டிக் குனிந்து
பழுப்புத் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டாள்.
"இங்கே."
காமிரா ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் அழவில்லை.
நான் தலையைத் திருப்பி
முதல்முறையாகத் தருலதாவின் முகத்தைப் பார்த்தேன்.
மூக்கில் ஒரு சின்னத் தழும்பு. எந்தப் படத்திலும் தெரியாதது.

குவாஹாத்தியில் படம் நான்கு நாள் ஓடியது.
ஜோர்ஹாட்டில் இடைவேளையோடு கரண்ட் போய்விட்டது.
கடன் இன்னும் இருக்கிறது.
நேற்றிரவு ஃபோன்:
"அடுத்தது ஆரம்பிக்கிறேன்.
சாக்பீஸ் வேண்டாம்.
ரப்பர் செருப்பு கொண்டுவா, சேறு அதிகம்."