பின்னுரித்தாளர்

முதலாவது அப்புக்காத்து
என்னைப் பாக்கவேயில்லை.
"ஐயாவுக்குக் காது கேக்குமோ?" எண்டு
மகளிட்டைக் கேட்டார்.
கேட்டது.
எழும்பி வந்திட்டன்.

இரண்டாமவர் நல்ல மனிசன், தேத்தண்ணி தந்தவர்.
உறுதி எழுதிற ஆள்.
என்னட்டை உறுதியில்லை, பெர்மிட்தான் எண்டதும்
"இதில என்ன கிடக்கு எழுத" எண்டு
வெறுந்தாளில ஒரு கையெழுத்துக் கேட்டார்,
மிச்சத்தைப் பிறகு நிரப்பலாமாம்.
முப்பத்தொரு வருசம்
துருசுக் கதவு திறந்து பூட்டின கை இது.
எவ்வளவு தண்ணி போகுதெண்டு தெரியாமல்
ஒரு புரிகூடத் திருப்பினதில்லை.

மூண்டாவது, கிளிநொச்சிக் கோட்டுக்குப் பின்னால,
போன் திருத்திற கடைக்கு மேல,
பதினாலு படி.
சரண்ஜா எண்டு பலகையில பேர்.
என்ர கடைசிப் பிள்ளையிலும் இளசு.
மாடு வாங்கப் போனாலும் பல்லைப் பாக்கிறனாங்கள்தானே,
நான்தான் முதல் விசாரிச்சன்.
எத்தினை பெர்மிட் பிணக்குப் பாத்தனீர்?
காசு எப்ப, எவ்வளவு, எதெதுக்கு?
நீர் வெளிநாடு போனால் என்ர பைல் ஆரிட்டை?
சிரிக்காமல் மூண்டுக்கும் மறுமொழி சொன்னாள்.

பிறகு அவளின்ர முறை.
"அக்கா, நீங்கள் கொஞ்சநேரம் கீழ நிக்கவேணும்."
சுகிர்தமலருக்கு முகம் கறுத்துப் போச்சு.
கதவு சாத்தினது.
இண்டைக்கு என்ன திகதி, ஐயா?
என்னென்ன சொத்து, ஆர் ஆர் பிள்ளையள்?
ஆரும் உங்களை வற்புறுத்தினவையோ?

ரொறன்ரோவில இருந்து யசோதினி
"நல்ல லோயராப் பிடியுங்கோ, காசு நான் போடுறன்" எண்டவள்,
அது வற்புறுத்தலோ தெரியாது.
ஆனால் எழுபத்தெட்டு வயசுவரைக்கும்
இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை.
காணிக்கு மட்டுமில்லை,
ஒண்டுக்கும்.

வட்டக்கச்சி, மூண்டு ஏக்கர், வாய்க்கால் கரை.
துண்டாடேலாது. ஒரு பேர்தான்.
அந்த ஒரு பேரும் ஏற்கெனவே அதில கிடந்தது,
நீல மையில, சமாதான காலத்தில பதிஞ்சது:
நிமலரூபன், மகன்.
அவள் விரலைப் பேரில வைக்கேல்லை,
பக்கத்தில வைச்சாள்.
"இவர்?"
இல்லையெண்டால் ஒரு கருத்து.
இருக்கிறாரெண்டால் வேறொண்டு.
"வட்டுவாகல்ல பஸ்ஸில ஏத்தினவை" எண்டன்.
இறந்தவர் எண்டு எழுதப் போறாள், எழுதப் போறாள் எண்டு
பேனையைப் பாத்துக்கொண்டு இருந்தன்.
அவள் பென்சிலை எடுத்தாள்.
அப்பதான் நினைச்சன்,
இவளைப் பிடிக்கலாம்.

அவிச்ச கிழங்கு உரிக்கிற மாதிரிச் சட்டத்தை உரிச்சாள்:
உங்களுக்குப் பிறகு, சீவிக்கும்வரைக்கும் அம்மா.
அதுக்குப் பிறகு இந்தப் பேர்.
ஆறு மாதத்துக்குள்ள வந்து பொறுப்பெடுக்காட்டில்
உரித்து வழுவும்.
அக்கா நாலு கந்தோர் ஏறவேணும்.
"செத்தவரெண்டு ஒரு இடத்திலயும் எழுதத் தேவையில்லை, ஐயா.
முந்தின நியமனத்தை நீக்கிறன் எண்டால் காணும்."

ஆறு மாதம்.
அரசாங்கம் அவனுக்குக் குடுக்கிற தவணை.
நாங்கள் எத்தினை காலபோகம் குடுத்திட்டம்.

கையெழுத்து வைக்கேல்லை. வியாழன் வாறனெண்டன்.
முற்பணம் மூவாயிரம்.
கேளாமலே பற்றுச்சீட்டு எழுதித் தந்தாள்,
கந்தையா வேலாயுதபிள்ளை எண்டு
முழுப்பேரும் பிழையில்லாமல்.

கீழ மகள் ஒண்டும் கேக்கேல்லை,
ஹெல்மெட்டை நீட்டினாள்.
அதே றோட்டிலதான் கோயிலடிக் கொட்டகை.
படத்தை மடியில வைச்சுக்கொண்டு
மற்றத் தாய்மாரோட மகேஸ்வரி.
நிப்பாட்டாமல் போ பிள்ளை எண்டு
நான் சொல்ல முதல் கண்டிட்டாள்.

"எங்க போட்டு வாறியள்?"
"பல்லுக் காட்ட."
"எந்தப் பல்லு?"
இருக்கிறதே நாலு.
லொறியொண்டு புழுதி கிளப்பிக்கொண்டு போச்சு.
படத்தை மற்றக் கைக்கு மாத்தி
சீலைத்தலைப்பால அதின்ர கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு
"ஆ காட்டுங்கோ, பாப்பம்" எண்டாள்.

காட்டினன்.