குடும்பப் பெயர் கட்டாயம்

கொட்டாஞ்சேனைக் கண் கிளினிக்கிற்கு
அந்த மென்பொருளை எழுதினது நான்தான்.
பெயருக்கு எழுத்தும் புள்ளியும் மட்டும்.
முகவரியில் சாய்கோடு ஆகாது.
குடும்பப் பெயர் வெறுமையாய் இருந்தால்
பெட்டியின் ஓரம் சிவக்கும்,
'சேமி' பொத்தான் மங்கிப்போகும்.
பம்பலப்பிட்டி ஏசிக் குளிரில்
ஒரு பின்னேரத்து வேலை.
சோதிக்கையில் 'ஆஆஆ' என்று அடித்தேன்,
இரண்டு பெட்டியிலும்.
எவர் பெயரையும் அடித்துப் பார்க்கவில்லை.

ஏழு மாதம் கழித்து
பிரின்டர் பிழையென்று கூப்பிட்டார்கள்.
வாசல்வரை வரிசை, நனைந்த குடைகள்.
கவுன்டரில் பெர்னதெத் நிமிராமலே கேட்டாள்:
"பெயர்?"
"அங்கம்மா."
"மற்றப் பெயர்?"
"அவ்வளவுதான் மகள்."
பெட்டி சிவந்தது.
எனக்குக் காது சுட்டது.
பெர்னதெத் அசரவில்லை;
ஒரு முற்றுப்புள்ளி குத்தினாள்,
சிவப்பு அடங்கியது.
126/47 அவள் விரலில் 12647 ஆயிற்று.
கொழும்பில் அப்படியொரு வீடே இல்லை,
ஆனாலும் கண்ணாடி போய்ச் சேருமாம்,
தபால்காரர் சாலிஹீனுக்குத் தெரியுமாம்.

இரவு தரவைத் திறந்தேன்.
ஆயிரத்து நாற்பத்தொரு பேர்
ஒரே குடும்பம்.
அங்கம்மா புள்ளி.
ஜெஸீமா புள்ளி.
குணவதி புள்ளி.
கண்புரை, சீனி, கிட்டப்பார்வை,
இரத்த உறவு மட்டும் இல்லை.

ஒரு வரிதான். அழித்தேன்.
சாய்கோட்டுக்கும் வழி விட்டேன்.

காலை எட்டேகாலுக்கு பெர்னதெத்தின் அழைப்பு:
"என்ன தம்பி, பெட்டி சிவக்குதில்லை,
பழுதாப் போச்சோ?
வரிசை நிக்குது.
புள்ளி வைக்கவா, விடவா?"